மார்ச்சுக்கு முன்னும் பின்னும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எனக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு மேல்தான். ராஜபாளையத்து வாத்தியார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வக்கீல்கள், மில் கணக்குப்பிள்ளைகள், பேங்க்காரர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு மாதத்தில் உடம்பைப் பற்றி அக்கறை வந்துவிடும். உடம்பைப் பற்றி என்பதுகூடச் சரியில்லை. வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவைப் பற்றி. தனக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் கட்டும் பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரைக்கும், அறுபது தாண்டிய அப்பா அம்மாவுக்குக் கட்டுவதில் இன்னொரு 50,000 வரைக்கும் பழைய வரி முறையில் இருப்பவர்கள் கழித்துக்கொள்ளலாம். மார்ச் 31 சாயங்காலம் ஷட்டரை இறக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் செக் புத்தகத்தோடு ஓடி வருவார். ஏப்ரல் முதல் வாரத்தில் ஈ காக்காய் எட்டிப் பார்க்காது.

அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன எங்கள் தெருப் பையன் ஒருவன் லீவுக்கு வந்தபோது அங்கத்திய வழக்கத்தைச் சொன்னான். சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுப்பவர்கள் பெரும்பாலான மாநிலங்களில் நவம்பர் 1-லிருந்து ஜனவரி 15-க்குள் சேர்ந்தாக வேண்டுமாம். அதை விட்டால் கல்யாணம், குழந்தை, வேலை போனது, வீடு மாறியது என்று ஒரு காரணம் வேண்டும். அதுவும் 60 நாளுக்குள் சொல்ல வேண்டும். “இங்க அந்தத் தொல்லையே இல்ல அத்தை, உங்களுக்கு வருஷம் பூரா யாவாரம்” என்று சிரித்தான். அவன் சொன்னது சரிதான். நம் நாட்டில் தனி ஆள் எடுக்கும் பாலிசிக்குக் கெடுத்தேதி கிடையாது. இருந்தும், சேர முடியாமல் நின்றவர்களை முப்பது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களைத் தடுத்தது காலண்டர் இல்லை. நோய் வந்த தேதி தடுத்தது. வீட்டில் ஒன்று மாறியபோது அதை யாரிடமும் சொல்லாமல் விட்ட நாட்கள் தடுத்தன.

நான் ஏஜென்ட் ஆனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது பொதுக் காப்பீட்டுக்கு நாலே அரசுக் கம்பெனிகள். மெடிகிளைம் என்ற மருத்துவக் காப்பீடு 1986-லேயே வந்துவிட்டது என்றாலும் எங்கள் பக்கம் அதைக் கேட்டு வாங்க ஆளில்லை. எனக்குச் சோறு போட்டது லாரியும் பஞ்சுக் குடோனும்தான். நூற்பாலை ஊர்; பஞ்சு தீப்பிடித்தால் மிஞ்சாது என்று முதலாளிகளுக்குத் தெரியும், ஃபயர் பாலிசியை ஒருநாள் தவற விட மாட்டார்கள். அதே முதலாளிகளிடம் வீட்டாருக்கு மெடிகிளைம் போடலாமா என்று கேட்டால், “நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரிப் பேச்சா?” என்று முகம் சுளிப்பார்கள். 1996-ல் ஜன ஆரோக்யா என்று ஒன்று வந்தது. 45 வயது வரைக்கும் வருஷத்துக்கு 70 ரூபாய், காப்பு 5,000 ரூபாய். அதைத்தான் தெருத்தெருவாகக் கொண்டுபோனேன். எழுபது ரூபாயைக் கொடுத்துவிட்டு, வருஷம் முடிந்ததும் “ஒண்ணும் வரலையே, காச திருப்பித் தருவீகளா?” என்று கேட்டவர்கள் உண்டு.

இந்தத் தொழிலில் நான் பெண்ணாக இருந்தது பெரிய உதவி. புரபோசல் ஃபாரத்தில் நோய்க் கேள்விகள் வரிசையாக இருக்கும்: சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ஆபரேஷன் நடந்ததா, மாதவிடாய்க் கோளாறு உண்டா. வீட்டுக் கூடத்தில் மாமனார் ஈஸிசேரில் இருப்பார், மாமியார் தூணோரம் உட்கார்ந்திருப்பார். ஆண் ஏஜென்ட் ஒருவர் அங்கே அந்தக் கேள்விகளைப் படித்தால் எல்லாவற்றுக்கும் “இல்ல, இல்ல” என்றுதான் பதில் வரும். நான் தண்ணீர் கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவேன். அங்கேதான் உண்மை வரும். கல்யாணத்துக்கு முன்பே தைராய்டு மாத்திரை சாப்பிட்டதை இன்னும் புருஷன் வீட்டில் சொல்லாத பெண், கர்ப்பப்பையில் கட்டி இருப்பதை அம்மாவிடம் மட்டும் சொன்ன பெண், இருபத்தெட்டு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டதைக் கல்யாணத் தரகரிடம் மறைத்த பையனின் அக்காள் என்று எத்தனையோ பேர். “ஃபாரத்துல எழுதினா வீட்டுக்குக் கடிதாசி வருமா மதினி?” என்று பயந்து கேட்பார்கள். எழுதினால் அந்த நோய்க்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால் கிளைம் வரும் நாளில் பழைய மருந்துச் சீட்டு ஆஸ்பத்திரி ஃபைலிலிருந்து எழுந்து வரும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது.

அந்தக் காலத்து மெடிகிளைமில் பழைய நோய்க்குக் காத்திருப்பு என்ற பேச்சே கிடையாது. பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்றால் ஆயுசுக்கும் கிடையாது. பிறகு அது நான்கு வருஷக் காத்திருப்பு ஆயிற்று. 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருஷம். தொடர்ந்து ஐந்து வருஷம் கட்டி வந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, “முதலிலேயே நோயைச் சொல்லவில்லை” என்று கம்பெனி மறுக்க முடியாது. முன்பு அது எட்டு வருஷம். சுருக்கமாகச் சொன்னால், முப்பது வருஷத்தில் விதி மக்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. மக்கள் பாலிசி எடுக்க வரும் நேரம் மட்டும் நகரவில்லை.

வரி ஒரு சீசன் என்றால், பஞ்சாங்கம் இன்னொரு சீசன். ஆடியில் புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது, மார்கழி ஆகாது, செவ்வாய்க்கிழமை காசு கைவிட்டுப் போகக் கூடாது, ராகு காலத்தில் கையெழுத்து கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னும் ஒன்று: ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வரும்வரை ஊரில் யாருக்கும் வேறு நினைப்பு இருக்காது. பால்கோவா கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், ஃபாரம் பூர்த்தி செய்து, போட்டோ ஒட்டி, “தேர் முடியட்டும்மா, ஆவணி ஒண்ணாந்தேதி செக் தாரேன்” என்றார். தேர் ஓடிய நாலாம் நாள் வயிற்றுவலி. ஸ்கேனில் பித்தப்பையில் கல். ஆவணி முதல் தேதி சொன்னபடி செக்கோடு வந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக. ஸ்கேன் ரிப்போர்ட்டை ஃபாரத்தோடு சேர்த்து அனுப்பினோம். கல் இல்லாத ஆளுக்கே அந்த ஆபரேஷனுக்கு இரண்டு வருஷக் காத்திருப்பு. கண்புரை, குடலிறக்கம், மூலம், கர்ப்பப்பை எடுப்பது எல்லாம் அந்தப் பட்டியலில்தான் வரும். ஏற்கெனவே கல் தெரிந்த இவருக்கு இன்னும் நீண்டது. கைக்காசு போட்டு மதுரையில் செய்துகொண்டார். பாலிசியை மட்டும் விடவில்லை, அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

2012-ல் டெங்கு வந்தபோது இதே கதை கூட்டமாக நடந்தது. கடையநல்லூர்ப் பக்கம் ஆரம்பித்துத் தென்காசி ரோடு வழியாக எங்கள் ஊர் வரைக்கும் பயம் வந்தது. எதிர்வீட்டுப் பிள்ளையை மதுரைக்குக் கூட்டிப்போன மறுநாள் இந்த வீட்டுக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். புதுப் பாலிசியில் முதல் 30 நாள் எந்த நோய்க்கும் காசு வராது என்று சொன்னால், “அப்ப என்னத்துக்கு இந்தப் பாலிசி?” என்று கோபப்படுவார்கள். அந்த முப்பது நாளுக்கு ஒரே விலக்கு விபத்து. பாலிசி எடுத்த அதே வாரத்தில் சேத்தூர்ப் பக்கம் பைக்கில் விழுந்து தொடை எலும்பு முறிந்த பையனுக்கு முழுத்தொகையும் வந்தது. அவன் அப்பா அதற்குப் பிறகு தன் அண்ணன் தம்பி வீட்டையெல்லாம் கூட்டி வந்தார். ஊரில் ஒரு கிளைம் செட்டில் ஆவது நூறு நோட்டீஸுக்குச் சமம்.

புதிதாகச் சேருவதைவிட, இருப்பதை அறுந்துபோகாமல் வைத்திருப்பதுதான் கஷ்டமான வேலை. நான் வந்த புதிதில் ரினிவல் ஒருநாள் தப்பினாலும் ஆபீஸில் புதுப் பாலிசி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதுவரை கடந்து வந்த காத்திருப்பெல்லாம் பூஜ்யம். 1938-ஆம் வருஷக் காப்பீட்டுச் சட்டத்தில் 64விபி என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிரீமியம் கையில் வராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்பது அதன் சாரம். செக் திரும்பினால் பாலிசியும் திரும்பிவிடும். மில்லில் சம்பளம் ஏழாம் தேதி என்றால், ஐந்தாம் தேதி முடியும் பாலிசிக்காரருக்கு நான் முந்தின மாதமே ஞாபகப்படுத்த வேண்டும். 2013 விதிகளில், தேதி தவறினாலும் கட்டிப் புதுப்பிக்க 30 நாள் கிரேஸ் வந்தது. ஆயுள் முழுக்கப் புதுப்பிக்கலாம் என்பதும் வந்தது. அதுவரை வயது ஏறினால் கம்பெனி கைகழுவலாம். இந்த இரண்டும் வந்த அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கிரேஸ் என்பதைத்தான் மக்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கம்பெனி மாறும் உரிமை 2011 அக்டோபரில் வந்தது. பழைய இடத்தில் கழித்த காத்திருப்பைப் புது இடத்தில் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இதற்கு மட்டும் உண்மையாகவே ஒரு கெடு உண்டு: ரினிவலுக்கு 45 நாள் முன்பாவது மனுக் கொடுக்க வேண்டும். கிளைமில் மனக்கசப்பு ஏற்பட்டவர்கள் ரினிவலுக்குப் பத்து நாள் இருக்கும்போது “உடனே மாத்திவிடும்மா” என்று வருவார்கள். பத்து நாளில் முடியாது. ஒரு வருஷம் பழைய இடத்திலேயே கட்டுங்கள், அடுத்த முறை முன்கூட்டியே பார்ப்போம் என்பேன். பாதிப் பேர் கோபத்தில் கட்டாமலே விட்டுவிடுவார்கள். கோபத்துக்குத் தனிக் காப்பீடு யாரும் விற்பதில்லை.

இனி, மில்காரர்கள் விஷயம். ராஜபாளையத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு தெரியாத குடும்பம் குறைவு. மருந்தகத்தில் வரிசையில் நிற்பதைப் பற்றி ஆயிரம் சலிப்பு இருந்தாலும், பெரிய நோய் வந்தபோது அதன் அருமை தெரிந்த வீடுகள் நிறைய. அதில் சம்பள வரம்பு ஒன்று இருக்கிறது. 2010-ல் 15,000 ஆனது, 2017 ஜனவரி முதல் 21,000. ஸ்பின்னிங் பிரிவில் பல வருஷம் மேஸ்திரியாக இருந்தவர் ஒருவருக்கு சூப்பர்வைசர் பதவி கிடைத்தது. மே மாதம் சம்பளம் 21,000-ஐத் தாண்டியது. வீட்டில் கேசரி செய்தார்கள். இ.எஸ்.ஐ. போகப்போவது யாருக்கும் உறைக்கவில்லை. அவர் மனைவிக்கு ஏற்கெனவே முட்டிவலி.

எனக்குத் தெரியவந்தது தற்செயலாகத்தான். அவர் பைக் இன்சூரன்ஸுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார். உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இ.எஸ்.ஐ.யில் பணம் பிடிக்கும் காலம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர், அக்டோபரிலிருந்து மார்ச் என்று இரண்டு. நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்த அரை வருஷம் முடியும் வரை பிடித்தம் தொடரும். ஏப்ரல்–செப்டம்பரில் பிடித்ததற்குப் பலன் கிடைப்பது அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. ஆக, மே மாதம் சம்பளம் ஏறியவருக்கு அடுத்த வருஷம் ஜூன் கடைசி வரை கையில் ஏதோ ஒன்று இருக்கிறது. தனிப் பாலிசி எடுக்க வேண்டியது அடுத்த ஜூலையில் இல்லை, இப்போதே. இப்போது எடுத்தால் முப்பது நாளும், இரண்டு வருஷக் காத்திருப்பில் ஒரு பகுதியும் இ.எஸ்.ஐ. நிழலிலேயே கழிந்துவிடும். “ரெண்டுக்கும் ஒரே நேரத்துல எதுக்கும்மா காசு?” என்றார். காசு இரண்டுக்கும் போகத்தான் செய்யும். அவர் ஒத்துக்கொண்டார், மனைவியின் முட்டியை ஃபாரத்தில் மறைக்காமல் எழுதினோம். இ.எஸ்.ஐ. முடிந்த பிறகு காத்திருப்பில் மிச்சம் இருந்த மாதங்களை அந்த அம்மா தைலமும் மாத்திரையுமாகத் தள்ளினார். அது முடிந்தபின்தான் ஆபரேஷன், பாலிசியில் நடந்தது.

அதற்குப் பிறகு யார் பதவி உயர்வுக்கு இனிப்பு கொடுத்தாலும் முதலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் மில் வாசலில்கூடப் பலருக்கு இது தெரிவதில்லை. குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து வயதாகி ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் அவர் வாழ்க்கைத் துணைக்கும் வைத்தியம் தொடரும். இதில் எனக்குக் கமிஷன் ஒன்றும் கிடையாது.

தகவல் தொழில்நுட்பம் எங்கள் ஊரை மாற்றியது வேறு விதத்தில். இரண்டாயிரத்துக்குப் பிறகு எந்தத் தெருவில் போய்க் கதவைத் தட்டினாலும் ஒரே பதில்: “எங்களுக்கு எதுக்கும்மா? பையன் கம்பெனியில எங்க ரெண்டு பேரையும் சேத்திருக்கான்.” சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பையனின் குரூப் பாலிசி. மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, காத்திருப்புக் கிடையாது, முன்பே இருந்த சர்க்கரைக்கும் முதல் நாளிலிருந்து காப்பு. நான் விற்கும் எதையும்விட அது நல்லது. இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அது பையனின் வேலையோடு ஒட்டிய காப்பு. வேலையை விட்ட அன்றைக்கு அதுவும் போய்விடும்.

பழையபாளையத்தில் ஒரு தம்பதி. அவருக்கு அறுபத்தாறு, அம்மாவுக்கு அறுபத்திரண்டு; அவருக்கு ஏற்கெனவே ஸ்டென்ட். பையன் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினான். புதுக் கம்பெனியில் சேர்ந்தவுடன் குடும்பத்தார் பெயரைக் கொடுக்கச் சில வாரம் அவகாசம் தருவார்கள். பெண்டாட்டி, பிள்ளை பெயரைக் கொடுத்தான். அப்பா அம்மாவுக்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும் என்று மெயில் வந்ததை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டான். நவம்பரில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். பையன் ஹெச்.ஆரிடம் கேட்டால், “விண்டோ க்ளோஸ் ஆயிருச்சு, இனி அடுத்த ரினிவல் ஏப்ரல்லதான்” என்றார்கள். அமெரிக்காக்காரன் சொன்னது ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்த விதம் இதுதான். குரூப் பாலிசிகளில் வருஷ நடுவில் சேர்க்கக்கூடியது புதிதாகக் கல்யாணம் ஆனவரையும் புதிதாகப் பிறந்ததையும்தான்; அதையும் பெரும்பாலும் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். அப்பா அம்மா புதிதாகப் பிறக்க மாட்டார்களே!

அந்த அம்மா அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்தார். தனிப் பாலிசிக்கு ஓடினோம். அப்போது பல கம்பெனிகள் 65-க்கு மேல் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். அவருக்குக் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் கிடைத்தது. ஏப்ரலில் பையன் இரண்டு பேரையும் குரூப்பில் சேர்த்துவிட்டான். இடைப்பட்ட ஐந்து மாதத்தில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கட்டியதைப் பற்றி அவர்கள் வீட்டில் இன்றும் யாரும் பேசுவதில்லை. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024-லிருந்து வயதை மட்டும் காரணம் காட்டிக் கதவைச் சாத்த முடியாது. உடல்நிலையைக் காட்டி மறுக்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம்.

இதனால் பையன்களிடம் நான் சொல்வது இரண்டு. ஒன்று, அப்பா அம்மா பேரில் சின்னத் தொகைக்காவது ஒரு பாலிசி அவர்களுக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து ஓடவிடு, குரூப் இருந்தாலும் சரி. இரண்டு, ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் அன்றே அந்தக் குரூப்பை நடத்தும் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கேள். அதே கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது, குரூப்பில் கழித்த காலத்தைக் காத்திருப்பில் கழித்துக்கொள்வார்கள். கடைசி வேலை நாள் தாண்டியபின் கேட்டால், புது ஆளாகத்தான் பார்ப்பார்கள். ரிலீவிங் லெட்டர் வாங்கப் பத்து மெயில் போடும் பிள்ளைகள் இதற்கு ஒரு மெயில் போட யோசிக்கிறார்கள்.

கல்யாண வீடுகளுக்கு நான் மொய் எழுதப் போவதோடு, ஒரு வேலையாகவும் போவேன். இருபத்தைந்து வயது வரைதான் ஃப்ளோட்டர் என்ற குடும்பப் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் பிள்ளைகள் பெற்றோர் பாலிசியில் இருக்க முடியும். கல்யாணம் ஆன பெண்ணையும் வைத்திருக்க முடியாது. அவள் பெயருக்குத் தனியாகப் பிரித்து எடுத்தால் அதுவரை கழிந்த காத்திருப்பு அவளோடு புகுந்த வீட்டுக்குப் போகும். சும்மா பெயரை நீக்கிவிட்டால் போகாது. சீர் எழுதும் நோட்டில் பித்தளைக் குடம் முதல் கட்டில் வரை எழுதுகிறவர்களிடம் இதையும் ஒரு வரி எழுதச் சொல்வேன். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் யூனிட் நடத்தும் ஒருவர் அப்படியே எழுதினார். சம்பந்திகள் அதைப் பார்த்துப் பெண்ணுக்கு என்ன நோய் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானே நேரில் போய் விளக்க வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் நோட்டில் எழுத வேண்டாம், எனக்குப் போன் செய்தால் போதும் என்கிறேன்.

சத்திரப்பட்டியைச் சொல்லாமல் எங்கள் பக்கத்து மருத்துவக் காப்பீட்டைப் பேச முடியாது. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் அங்கே விசைத்தறியில் நெய்து நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. நெய்கிறவர்களில் பலருக்கு வாரக் கூலி. பத்துப் பேருக்குக் குறைந்த தறிக்கூடம் என்றால் இ.எஸ்.ஐ. வராது. அவர்களிடம் என் பாலிசியை நான் விற்கப் போவதில்லை. அவர்களுக்கு இருப்பது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் பெயரில் வந்தது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. அப்போது வருஷ வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் வரம்பு 1,20,000, காப்பு வருஷத்துக்கு ஐந்து லட்சம்.

இதில் சேர மாதம், கெடு, காத்திருப்பு எதுவும் கிடையாது. முன்பே இருந்த நோய்க்கும் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் சொன்ன எல்லாத் தடைகளும் இல்லாத ஒரே இடம் இதுதான். ஆனால் அட்டை இல்லாமல் அலையும் நேரம் எப்போதும் ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்த பிறகுதான் வரும். மதுரையில் அப்பாவை அட்மிட் பண்ணிவிட்டு, மகன் சத்திரப்பட்டிக்கு வந்து, இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குப் போட்டு, அது கைக்கு வரும்வரை காத்திருந்து, ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு சிவகாசி வழியாக விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்குப் பஸ் ஏறி, அங்கே திட்டத்தின் கவுன்டரில் பதிந்து எண் வாங்கி, மறுபடி மதுரைக்குப் போக வேண்டும். எண் கிடைத்துவிட்டால் வேலை நடக்கும், நடந்ததைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் சும்மா இருக்கும் ஒரு புதன்கிழமை செய்திருக்கலாம். அதனால் தறிக்கூட முதலாளிகளிடம் வண்டி இன்சூரன்ஸுக்குப் போகும்போதெல்லாம், ஆட்களில் யாருக்கு அட்டை இல்லை என்று கேட்டு, ஒரு நாள் லீவு கொடுத்து அனுப்பச் சொல்வேன். முகம் சுளித்தாலும் அனுப்புகிறார்கள்.

கொரோனாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜூலை 10-ல் கொரோனா கவச் என்று எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரிப் பாலிசி கொண்டுவந்தன. மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதம். காத்திருப்பு பதினைந்தே நாள். என் முப்பது வருஷத்தில் வெறும் போனிலேயே அத்தனை பாலிசி போனது அப்போதுதான். பயம் தணிந்ததும் அதே ஆட்களிடம் முழுப் பாலிசியாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன். பத்தில் ஒருவர் மாறியிருந்தால் அதிகம்.

கிரேஸைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன். 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத வரியை 22-ஆம் தேதியிலிருந்து எடுத்துவிட்டது. மறுநாள் காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி: 22 வரை தள்ளலாமா? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி ஒருவர், இதயத்தில் அடைப்பு எடுத்தவர், பாலிசி 10-ஆம் தேதி முடிகிறது. பிரீமியம் 40,000, வரி 7,200. “கிரேஸ் பீரியட் முப்பது நாள் இருக்கேம்மா. பன்னிரண்டு நாள்ல என்ன ஆயிரும்?” என்றார்.

“ஐயா, கிரேஸ்னா பழைய காத்திருப்புக் கணக்கு அழியாது, அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு பைசா வராது” என்றேன். மாதத் தவணையில் கட்டுகிறவர்களுக்குக் கிரேஸ் நாட்களிலும் காப்பு உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டும் இவருக்குக் கிடையாது. அவர் மனைவி தனியாகப் போன் பண்ணி, “நீங்களே கட்டிருங்கம்மா, நான் காச தாரேன், அவருக்குத் தெரிய வேண்டாம்” என்றார். அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கணக்கில் புலியான மனிதர், அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எடுத்த முடிவு அது.

22-ஆம் தேதி காலை முதல் ஆளாக ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒன்றும் ஆகவில்லை. கையில் அரைக்கிலோ பால்கோவா. “ஏழாயிரத்து இருநூறு! இப்ப என்ன சொல்றே?” என்றார்.

“பத்துலேர்ந்து இருபத்திரண்டு வரைக்கும் மாடிப்படி ஏறினீங்களா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “அவ விடலம்மா” என்றார் பிறகு. ரசீதைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷ ரினிவலுக்கு ஜூலைக் கடைசியிலேயே போன் வரும் என்று சொல்லி, அவர் எதிரிலேயே டைரியில் எழுதிக்கொண்டேன்.